கண்டி மலையில் கிடைக்காத கல்

பௌத்தத் துறவிகளுக்கான விதிகளைத் தொகுத்த விநய பிடகத்தில் சுள்ளவக்கம் என்றொரு பகுதி உண்டு. துறவியின் தலைமுடி எவ்வளவு வளரலாம் என்பதையும் அது சொல்கிறது: இரண்டு மாதம், அல்லது இரண்டு விரற்கடை. அதற்கு மேல் ஆகாது. ஆகவே சவரக்கத்தி வைத்துக்கொள்ள அனுமதி தருகிறது. அதோடு நிற்காமல் சவரக்கத்திக்கான கல்லையும் அதன் உறையையும் தனித்தனியே பெயர் சொல்லி அனுமதிக்கிறது. ஊசி முதல் பாத்திரம் வரை ஒவ்வொன்றையும் எண்ணிக் கொடுக்கும் சிக்கனமான நூல் அது. தீட்டக் கல் இல்லாவிட்டால் சவரக்கத்தி சில வாரங்களிலேயே தோலைப் பிறாண்டத் தொடங்கிவிடும் என்பதை அந்த விதியை வகுத்தவர்கள் அனுபவத்தில் அறிந்திருக்க வேண்டும்.

கண்டியில் இந்தக் கல்லின் தேவை வெறும் ஏட்டுச் சங்கதியாக இருந்திருக்காது. நாயக்கர் வழிவந்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் ஆட்சியில், 1753இல், சியாமிலிருந்து வந்த உபாலி தேரர் இங்கே உபசம்பதா என்னும் முழுத்துறவுச் சடங்கை மீண்டும் தொடக்கிவைத்தார். அவர் வழிவந்த சியாம் நிக்காயவின் தலைமைப் பீடங்களான மல்வத்தையும் அஸ்கிரியவும் இன்றும் கண்டி நகரில்தான் இருக்கின்றன. தலைமுறை தலைமுறையாக மழிக்கப்பட்ட தலைகள் இத்தனை இருந்த ஊரில், சவரக்கத்தியைத் தீட்டத் தகுந்த கல் பக்கத்து மலைகளில் கிடைத்திருக்குமா?

ஊரைச் சுற்றிப் பார்த்தால் கேட்கவே வேண்டாத கேள்வி போலிருக்கும். ஹந்தானைத் தொடர், நக்கிள்ஸ் மலைகள், மகாவலியின் படுகை, எங்கு திரும்பினாலும் பாறை. அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் குறைவில்லை. தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டவும் வீட்டில் அரிவாளைத் தீட்டவும் ஆற்றங்கரைக் கல்லே போதும். அதே கல்லில் சவரக்கத்தியைத் தேய்த்தால் கத்தி பாழ். கல் மென்மையாக இருப்பதால் என்று பலர் நினைப்பார்கள். காரணம் கடினத்தில் இல்லை.

கடினத்தை முதலில் முடித்துவிடுவோம். மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸ் 7. கார்னட் 6.5 முதல் 7.5 வரை. குருந்தம், அதாவது நீலமும் மாணிக்கமும் ஆன அலுமினியம் ஒக்சைட்டு, 9. சிலிக்கன் காபைட் அதற்கும் சற்று மேலே. நன்கு பதம் ஏற்றிய சவரக்கத்தி உருக்கு இவை எல்லாவற்றையும்விட மென்மையானது, அல்லது அவற்றுக்கு ஒப்பானது. ஆகவே இவற்றில் எந்தக் கனிமமும் கத்தியைத் தேய்க்கும். கண்டியின் பாறைகளில் குவார்ட்ஸ் நிறைய உண்டு, கார்னட் நிறைய உண்டு. வடகிழக்கே எலஹெர இரத்தினக் களத்துக்குப் போனால் குருந்தமும் உண்டு.

கத்தியின் பக்கம் வருவோம். தாடி மயிர் ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 100 மைக்ரோன், அதாவது மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு. அதை இழுத்துப் பிடுங்காமல் அறுக்க வேண்டுமானால் விளிம்பின் வளைவு ஆரம் அரை மைக்ரோனுக்கும் குறைவாக இருக்க வேண்டும். தீட்டுதல் என்பது உண்மையில் கீறுதல்தான். கல்லிலுள்ள ஒவ்வொரு மணியும் உருக்கில் ஒரு சால் உழுதுகொண்டு போகிறது. கத்தியின் இரு முகங்களிலும் உழப்பட்ட சால்கள் விளிம்பில் சந்திக்கும்போது அங்கே பற்கள் உண்டாகின்றன. மணி பெரிதானால் சால் ஆழம், சால் ஆழமானால் பல் பெரிது. காய்கறிக் கத்திக்குப் பெரிய பல் நல்லது, தக்காளித் தோலில் வழுக்காமல் பிடிக்கும். கன்னத்தில் அதே பல் இரத்தம் பார்க்கும்.

ஆகவே சவரக்கத்திக் கல்லுக்கு வேண்டிய முதல் குணம் மணியின் நுண்மை: பத்து மைக்ரோன் அளவில் அல்லது அதற்கும் கீழே, அதுவும் கல் முழுதும் ஒரே சீராக. நூறு நுண்மணிகளுக்கு நடுவே ஒரே ஒரு பெருமணி இருந்தாலும், அந்த ஒன்று போட்ட கீறல்தான் விளிம்பில் நிற்கும்.

கண்டிப் பாறைகள் தோற்பது இங்கேதான். ஹந்தானைப் பக்கம் வீதி வெட்டிய மலைச்சுவர்களில் சிவப்புப் புள்ளிகளாகக் கார்னட் தெரியும், பல இடங்களில் பயறளவுக்கு. குவார்ட்சைட்டை உடைத்துப் பார்த்தால் மணிகளை வெறுங்கண்ணால் எண்ணலாம். திகணைப் பக்கத்துச் சலவைக்கல்லிலும் அப்படியே, படிகங்கள் பளபளவென்று தனித்தனியே மின்னும். அழகுக்கு நல்லது, சவரத்துக்கு உதவாது.

இந்தப் பருமனுக்குக் காரணம் சூடு. இலங்கையின் நடுமலைநாட்டுப் பாறைகள், புவியியலாளர் உயர்நிலத் தொகுதி என்றழைப்பவை, ஏறத்தாழ 60 கோடி முதல் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் கோண்டுவானாப் பெருங்கண்டம் இணைந்துகொண்டிருந்த காலத்தில் பூமிக்குள் அமிழ்ந்தன. ஆழம் 30 கிலோமீற்றர் அளவு. வெப்பநிலை 800, 900 பாகை செல்சியஸ், சில இடங்களில் அதற்கும் மேல். அங்கே கிடந்த காலமோ கோடி ஆண்டுக் கணக்கு. அந்தச் சூட்டில் பாறை முழுதாக உருகவில்லை, ஆனால் அணுக்கள் இடம்பெயரும் அளவுக்கு இளகியது. நுண்மணிகள் கூடிய திண்மத்துக்கு மேற்பரப்பு அதிகம், மேற்பரப்பு அதிகமானால் ஆற்றலும் அதிகம். ஆற்றலைக் குறைக்கப் பாறைக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: சின்ன மணிகளைப் பெரிய மணிகள் விழுங்கிக்கொள்வது. சீனியும் கற்கண்டும் ஒரே பொருள்தானே, அவகாசம் கிடைத்தது கற்கண்டாகிவிட்டது.

அதே கனிமம் சூட்டிலிருந்து தப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்குப் பெல்ஜியத்தில் விடை இருக்கிறது. ஆர்டென் மலைப்பகுதியில் வீல்சாம் என்ற ஊரையொட்டி வெளிர்மஞ்சள் நிறத்தில் ஒரு கல் மெல்லிய அடுக்குகளாகக் கிடைக்கிறது. பெயர் கொட்டிக்கூல். ஐரோப்பிய நாவிதர்கள் பெரிதும் மதித்த சவரக்கத்திக் கல் அது. அதில் வெட்டும் பொருள் எது என்று பார்த்தால் கார்னட்! நம் மலைச்சுவரில் சிவப்பாகக் கண்சிமிட்டும் அதே குடும்பம். கண்டியில் இரும்பும் மக்னீசியமும் கலந்த வகை, அங்கே மங்கனீஸ் கலந்த ஸ்பெசர்ட்டைன். வெட்டும் திறனில் அந்த வேறுபாட்டுக்குப் பெரிய பங்கில்லை. அளவுதான் எல்லாம். இந்தக் கல்லுக்கு மூலமான ஆர்டென் சேறு ஏறத்தாழ 400 பாகைச் சூட்டோடு தப்பித்துக்கொண்டது. அதற்குள் முளைத்த கார்னட் மணிகள் ஐந்து முதல் பதினைந்து மைக்ரோனிலேயே நின்றுவிட்டன, கல்லில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் நெருங்கி நிற்கின்றன, சுற்றிலும் மென்மையான மைக்கா. பன்னிரு முகங்கள் கொண்ட அந்த மணிகளின் மூலைகள் விரிகோணமாக இருப்பதால் சாலும் ஆழமாக விழுவதில்லை.

ஜெர்மனியின் தூரிங்கியாப் பலகைக்கல்லும் இப்படிப்பட்டதுதான், இலேசாகச் சூடுகண்ட பழைய கடற்சேறு. அமெரிக்காவின் ஆர்கன்சா கல் நுண்மணிக் குவார்ட்ஸ். கண்டி வட்டாரத்தில் கார்னட்டும் சிலிமனைட்டும் காரீயமும் கலந்து கிடக்கும் பாறைகளும் ஒரு காலத்தில் சேறாக இருந்தவைதாம். காரீயம் அந்தச் சேற்றிலிருந்த உயிர்ப்பொருளின் மிச்சம். ஐந்நூறு பாகை குறைவாகச் சுட்டிருந்தால் கண்டியிலும் ஒரு பலகைக்கல் சுரங்கம் இருந்திருக்கலாம். அப்படியானால் நீலமும் மாணிக்கமும் இருந்திருக்காது. இரண்டையும் சேர்த்து வாங்க முடியாத சந்தை இது.

இந்தப் பாறைகளை நுணுகிப் பார்த்தவர்களில் ஒருவர் நமக்கு வேறு வழியில் அறிமுகமானவர். கலை வரலாற்றறிஞர் என்று உலகம் அறிந்த ஆனந்த குமாரசுவாமி, முத்துக்குமாரசுவாமியின் மகன், தொடக்கத்தில் புவியியலாளர். இலங்கையின் பளிங்குருச் சுண்ணக்கற்களைப் பற்றி 1902இல் கட்டுரை வெளியிட்டார், 1903 முதல் 1906 வரை கனிம ஆய்வுப் பணிக்குத் தலைமை தாங்கினார். பாறை தேடி ஊர் ஊராகப் போனவர் கைவினைஞர்களைக் கண்டு மனம் மாறிப்போனார். கண்டி மரபுக் கலைகளைப் பற்றி 1908இல் அவர் வெளியிட்ட பெருநூலில், பலாங்கொடை மலைப்பகுதியில் இரும்பு உருக்கும் முறையும் உருக்குச் செய்யும் முறையும் நேரில் பார்த்து எழுதப்பட்டிருக்கின்றன. அதே மலைச்சரிவில் சமனலவெவப் பக்கம் 7 முதல் 11ஆம் நூற்றாண்டு வரை பருவக்காற்றாலேயே உலை ஊதி இரும்பு எடுத்திருக்கிறார்கள் என்பதை ஜில் ஜூலெஃப் 1996இல் ‘நேச்சர்’ இதழில் நிறுவினார். கத்திக்கான உலோகத்தில் இந்த மலைநாடு யாருக்கும் கடன்பட்டிருக்கவில்லை. குறை கல்லில்தான்.

இயற்கை நுண்மணிகளைத் தராத இடத்தில் மனிதன் என்ன செய்வான்? பெருமணியை இடித்துப் பொடியாக்குவான். பனையேறிகளின் தீட்டுப்பலகை அந்த உத்திதான்: குவார்ட்ஸ் கல்லை இடித்துச் சலித்து, மரப்பலகையில் தூவி, அதில் பாளைக்கத்தியைத் தேய்ப்பது. ஆனால் சாதாரணச் சல்லடை எதுவும் பத்து மைக்ரோன் வரை இறங்காது. அதற்குத் தண்ணீர் வேண்டும்.

நீரில் விழும் மணியின் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று ஜோர்ஜ் ஸ்டோக்ஸ் 1851இல் காட்டினார். குருந்தப் பொடியை ஒரு பாத்திரத்தில் கலக்கி வைத்தால், பத்து மைக்ரோன் மணி பத்து சென்ரிமீற்றர் இறங்கப் பத்து நிமிடம் எடுக்கும். ஐந்து மைக்ரோன் மணிக்கு நாற்பது நிமிடம். ஒரு மைக்ரோன் மணிக்குப் பதினேழு மணித்தியாலம். ஆகவே கலக்கிய பின் எத்தனை நிமிடம் கழித்து மேல்நீரை வடிக்கிறோம் என்பதுதான் சல்லடை. கடிகாரத்தால் சலிக்கும் இந்த முறை எனக்குத் தொழில்நுட்ப வரலாற்றின் மிக நேர்த்தியான காரியங்களுள் ஒன்றாகவே படுகிறது.

பொடியாக்க வேண்டிய பொருளும் தொழிற்சாலையில் கிடைக்கத் தொடங்கியது. 1891இல் அமெரிக்காவில் எட்வர்ட் அச்சிசன் களிமண்ணையும் கரியையும் மின்னுலையில் சுட்டபோது பளபளக்கும் படிகங்கள் கிடைத்தன. அது சிலிக்கன் காபைட். கார்பொரண்டம் என்று பெயரிட்டு, முதலில் இரத்தினம் தீட்டுவோருக்கு விற்றார். 1895இல் மலிவான நீர்மின்சாரம் தேடி நயாகராவுக்குப் போனார். 1897இல் சார்ல்ஸ் ஜேக்கப்ஸ் போக்சைட்டை மின்னுலையில் உருக்கிச் செயற்கைக் குருந்தம் எடுத்தார். நோர்ட்டன் நிறுவனம் அதைப் பெருமளவில் செய்தது. பொடியை நீரில் பிரித்து, களிமண்ணும் பெல்ட்ஸ்பாரும் சேர்த்து அச்சில் அழுத்தி, சூளையில் சுட்டால் பெல்ட்ஸ்பார் கண்ணாடியாக உருகி மணிகளைப் பிடித்துக்கொள்கிறது. நாவிதர் கல் பிறந்தது. குருந்தம் எலஹெரவில் இருக்கிறது, பெல்ட்ஸ்பார் மாத்தளை ஓவலவில் வெட்டி எடுக்கிறார்கள். கூட்டுப்பொருள்கள் கண்டிக்குக் கூப்பிடு தூரத்தில் கிடந்தும், கல் மட்டும் கப்பலேறி வர வேண்டியிருந்தது.

இந்தக் கற்கள் உள்ளங்கை நீளத்தைவிடச் சற்றே பெரியவை, தடிப்பு ஒரு விரலுக்கும் குறைவு. மேசை இலாச்சியில் வைத்துக்கொண்டு, வாடிக்கையாளர் ஆசனத்தில் இருக்கும்போதே எடுத்து நாலு இழுப்பு இழுத்துக்கொள்ளலாம். தண்ணீர்கூட வேண்டாம், கன்னத்துக்குக் குழைத்த சவர்க்கார நுரையில் கொஞ்சம் தடவினால் போதும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பல நிறுவனங்கள் இவற்றைச் செய்தன: கார்பொரண்டம், இன்றைய ஸ்லோவேனியாவின் மாரிபோரோடு சேர்த்துச் சொல்லப்படும் ஸ்வாட்டி, ஃபிரிக்‌ஷனைட் என்ற பெயரில் வந்த அமெரிக்கக் கற்கள். பெட்டியில் புகழுரை நிறைய இருக்கும், மணியின் அளவு மட்டும் இருக்காது. அது தொழில் இரகசியம்.

இன்று கண்டிச் சலூன்களில் ஆளுக்கொரு புது பிளேடு மாட்டும் கத்திதான். ஈரல் அழற்சியும் எச்.ஐ.வி.யும் பரவும் காலத்தில் அதுதான் சரி. பழைய மடக்குக் கத்தியைத் தன் முகத்துக்கு மட்டும் பாவிக்க விரும்புகிறவருக்கே நாவிதர் கல் வேலைக்காகும். பழைய சாமான் கடையிலோ பாட்டன் காலத்துப் பெட்டியிலோ இரண்டு மூன்று கற்கள் கையில் கிடைத்தால் எதை எடுப்பது?

பெயரைப் பார்க்காதீர்கள் என்பேன். முதலில் கல்லை இரு விரலில் தொங்கவிட்டு நகத்தால் தட்டுங்கள். கணீரென்றால் உடல் முழுமை. மந்தமாகச் சத்தமிட்டால் உள்ளே வெடிப்பு இருக்கலாம், அது கத்தியின் விளிம்பை ஒருநாள் கவ்வும். ஓரத்தில் சில்லு போயிருந்தால் பெரிய குற்றமில்லை, அந்த ஓரத்தைத் தேய்த்து வழித்துவிடலாம். முகத்தின் நடுவில் பள்ளம் இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

பள்ளம் ஏன் ஆகாது என்பதற்குக் கத்தியின் வடிவம் காரணம். சவரக்கத்தியைக் கல்லில் தட்டையாகப் படுக்கவைத்தே தேய்க்கிறோம். முதுகும் விளிம்பும் ஒருசேரக் கல்லைத் தொடும். அகலம் 16 மில்லிமீற்றர், முதுகின் தடிப்பு 4.5 மில்லிமீற்றர் என்றால் விளிம்பின் கோணம் 16 பாகை, கை எவ்வளவு நடுங்கினாலும் மாறாது. கோணத்தைக் கத்தியின் உடம்பிலேயே பூட்டிவைத்த இந்தச் சாமர்த்தியம் கல் தட்டையாக இருக்கும் வரைதான் செல்லும். பள்ளமான கல்லைத் தடித்த கண்ணாடி மேல் எமரித் தாள் விரித்துத் தண்ணீர் ஊற்றித் தேய்த்துச் சமமாக்கலாம். ஆனால் அப்போது பல ஆண்டுப் பாவனையில் முனை மழுங்கிப் பளபளப்பேறிய மணிகள் போய்ப் புதுமணிகள் தலைநீட்டும். கல் கொஞ்ச நாளைக்கு முரட்டுத்தனம் காட்டும். மற்றொரு நுண்கல்லோடு முகத்துக்கு முகம் உரசி அதை அடக்க வேண்டும். ஏற்கெனவே சமமாக உள்ள, கண்ணாடிபோல் வழவழப்பேறிய கல் கிடைத்தால் அதைத் தொடாமல் விடுவதே உத்தமம்.

சிலிக்கன் காபைட்டா, குருந்தமா? பொதுவாகக் கருமை கலந்தது முதலாவது, செம்மண் நிறமும் பழுப்பும் இரண்டாவது. ஆனால் சாயம் ஏமாற்றும், நிறத்தை மட்டும் நம்ப முடியாது. சிலிக்கன் காபைட் மணி உடையும் இயல்புடையது. உடைந்தால் புதுமுனை, புதுமுனை என்றால் வேகமான வெட்டு. குருந்த மணி உறுதியானது, உடையாமல் மழுங்கும், மழுங்கியபின் வெட்டுவதைக் குறைத்துத் தேய்த்து மெருகேற்றும். மொட்டையான கத்திக்கு முதல் வகை உதவும். தினசரிப் பாவனைக் கத்திக்கு நான் இரண்டாவதையே எடுப்பேன். இருமுகக் கல்லாக இருந்தால் இரண்டு வேலைக்கும் ஒரே கல் ஆகும்.

எண்ணெய் ஏறிய கல்லைப் பற்றி மலைநாட்டுக்கென்று ஓர் எச்சரிக்கை உண்டு. கையில் கிடைக்கும் தேங்காய் எண்ணெயைக் கல்லில் விடும் பழக்கம் எளிதில் வந்துவிடும். தேங்காய் எண்ணெய் 24 பாகையை ஒட்டி உறையும். கொழும்பில் இது தொந்தரவில்லை. ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலுள்ள கண்டியில் தை மாதக் காலையில் போத்தலுக்குள்ளேயே எண்ணெய் வெள்ளையாக நிற்கும், கல்லின் நுண்துளைகளில் அப்படியே நின்று உருக்குப் பொடியையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். அடைபட்ட கல் வெட்டாது, வழுக்கும். இளஞ்சூட்டு நீரும் பாத்திரம் கழுவும் திரவமும் போட்டுத் தேய்த்தால் பெரும்பாலும் தெளியும்.

கல் சரியாக அமைந்த பிறகு நடக்கும் தவறு பெரும்பாலும் மிகை. செயற்கைக் கல் வேகமாக வெட்டும். ஐந்தாறு இழுப்புக்கு மேல் போனால் விளிம்பு மெலிந்து பிசிராக நீண்டு மடங்கும். முதல் சவரத்தில் பிரமாதமாக வெட்டி, இரண்டாவதில் உதிர்ந்துபோகும்.

அந்த உதிர்வை 2020இல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் ரோஷியோலி, தஸான் முதலானோர் இலத்திரன் நுணுக்குக்காட்டியின் கீழ் நேராகப் பார்த்து ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார்கள். மயிர் உருக்கைவிட ஐம்பது மடங்கு மென்மையானது. அப்படியிருந்தும் ஒற்றை மயிர் கத்தி விளிம்பைச் சில்லுச் சில்லாகப் பெயர்க்கிறது. மயிர் வளைந்து சாய்வாகப் படும்போது, உருக்கின் உள்ளமைப்பு சீரற்று இருக்கும் இடத்தில், ஏற்கெனவே ஒரு நுண்வெடிப்பு இருந்தால் பெயர்கிறது. விளிம்பு தேய்ந்து மழுங்குவதைவிட இப்படி உடைவதே முக்கிய காரணம் என்றார்கள். முரட்டுக் கல் விட்டுப்போகும் ஆழமான சால் அப்படியொரு தொடக்கப் புள்ளியாகலாம் என்று ஊகிக்கலாம். மயிரை வெந்நீரில் இரண்டு மூன்று நிமிடம் ஊறவைத்து மென்மையாக்கும் பழைய வழக்கத்துக்கும் இதிலே ஒரு நியாயம் இருக்கிறது.

சில்லு சின்னதாக இருக்கும்வரை தோல்வாரில் முதுகு முன்னே போக இழுத்தாலே பல சவரங்களுக்குக் கத்தி நிற்கும். மயிர் பிடித்து இழுப்பதுபோல் தோன்றும் அன்றைக்குத்தான் நாவிதர் கல்லை எடுக்க வேண்டும், இலேசான கையோடு, கத்தியின் சொந்தப் பாரமே போதும். அதற்கும் மசியாத கத்திக்கு விளிம்பின் சரிவையே புதிதாக அமைக்க வேண்டியிருக்கும். அந்த வேலை இந்தச் சிறிய கல்லுக்கு அப்பாற்பட்டது. 1000 எண் நீர்க்கல்லில் தொடங்கிப் படிப்படியாக ஏறி வர வேண்டும்.